பதினான்கு பேரும் தேறினார்கள்: டாக்டர் ஐடா ஸ்கடர் (1870–1960)

கோவில்பட்டி, எட்டயபுரம், கயத்தாறு, விளாத்திகுளம் என்று நீளும் நமது கரிசல் பூமி வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் பருத்தி, உளுந்து, கம்பு, மல்லி. பொய்த்தால் தீப்பெட்டி ஆபீஸ், இல்லையென்றால் வெளியூர், வெளிநாடு. இந்த மண்ணிலிருந்து பிள்ளைகளை டாக்டருக்குப் படிக்க அனுப்புவது பெரிய துணிச்சல். உள்ளூரில் அரசு இடம் கிடைக்காதவர்கள், தனியார் கல்லூரிக் கட்டணத்தை நினைத்துப் பார்க்கவும் முடியாதவர்கள், ரஷ்யா, ஜார்ஜியா, பிலிப்பைன்ஸ், கிர்கிஸ்தான் என்று பிள்ளைகளை அனுப்புகிறார்கள். நிலத்தை விற்று, நகையை அடகு வைத்து ஆறு ஆண்டுகள் தள்ளுகிறார்கள். பிள்ளை பட்டத்தோடு ஊர் திரும்பிய பிறகுதான் அடுத்த சுவர் கண்ணில் படுகிறது.

வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர் இந்தியாவில் ஊசி பிடிக்க வேண்டுமென்றால், எஃப்.எம்.ஜி.இ. என்ற தகுதித் தேர்வில் தேற வேண்டும். 2002 முதல் நடக்கும் தேர்வு இது. ஆண்டுக்கு இரண்டு முறை, ஒரே நாளில் 300 கேள்விகள். அவற்றில் 150 சரியாக இருந்தால் போதும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதும் இல்லை. கேட்பதற்கு எளிதாகத் தோன்றும். ஆனால் பல ஆண்டுகளின் முடிவுகளைப் பார்த்தால், நூற்றுக்கு இருபது, இருபத்தைந்து பேர்தாம் தேறியிருக்கிறார்கள். மற்றவர்கள் சென்னையிலோ மதுரையிலோ அறை எடுத்து, பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டி, அடுத்த ஆறு மாதம், அதற்கடுத்த ஆறு மாதம் என்று காத்திருக்கிறார்கள். அவர்களில் நமது சமுதாயப் பெண்பிள்ளைகளும் உண்டு. சம்பந்தம் பேச வருகிறவர்களிடம், பெண் டாக்டர் என்று சொல்வதா, டாக்டருக்குப் படித்தவள் என்று சொல்வதா என்று தெரியாமல் பெற்றோர் தடுமாறுகிறார்கள்.

இப்படியொரு தேர்வு தேவைதானா, இது பிள்ளைகளை வடிகட்டித் தள்ளும் சூழ்ச்சியா என்ற கேள்வி நம்மவர்களிடம் அடிக்கடி எழுகிறது. மருத்துவருக்குத் தேர்வு வைப்பது நேற்று வந்த வழக்கமல்ல. ஹிஜ்ரி 319-ல், அதாவது கி.பி. 931-ல், பாக்தாதில் ஒரு வைத்தியரின் தவறால் நோயாளி ஒருவர் இறந்துபோனார். அப்பாஸிய கலீஃபா அல்முக்ததிர், நகரிலுள்ள வைத்தியர்கள் எல்லோரும் தலைமை மருத்துவர் ஸினான் இப்னு ஸாபித் முன்னிலையில் சோதிக்கப்பட வேண்டும், தேறியவர் மட்டுமே தொழில் செய்யலாம் என்று ஆணையிட்டார். எண்ணூறுக்கும் அதிகமானோர் சோதிக்கப்பட்டதாக வரலாற்றாசிரியர் இப்னுல் கிஃப்தி பதிவு செய்திருக்கிறார். ஓர் உயிர் போன இடத்தில் பிறந்த ஏற்பாடு அது.

இதையொட்டி நமது தமிழ் மண்ணிலேயே நடந்த ஒரு வரலாறு உண்டு. அதன் நாயகி முஸ்லிம் அல்லர். கிறித்தவ மிஷனரி குடும்பத்தில் பிறந்த அமெரிக்கப் பெண்மணி. அவரது மதப்பணியில் நமக்கு உடன்பாடு இருக்க வேண்டியதில்லை. ஆனால் அவரை மருத்துவராக்கிய அந்த ஓர் இரவில் நமது சமுதாயத்து வீடு ஒன்றும் இருந்தது. அதனாலேயே இந்த வாழ்க்கையை நாம் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும்.

ஐடா சோஃபியா ஸ்கடர் 1870 டிசம்பர் 9 அன்று இராணிப்பேட்டையில் பிறந்தார். பாட்டனார் ஜான் ஸ்கடர் 1819-ல் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி, யாழ்ப்பாணத்தில் மருத்துவப் பணியைத் தொடங்கியவர். பின்னர் சென்னைக்கு வந்தார். அவருடைய பிள்ளைகள் பலரும் இதே மண்ணில் பணிபுரிந்தனர். ஐடாவின் தந்தை, இன்னொரு ஜான் ஸ்கடர், அவர்களில் ஒருவர்.

ஐடா சிறுமியாக இருந்தபோது வந்தது தாது வருடப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை தென்னகத்தைப் புரட்டிப்போட்ட அந்தப் பஞ்சத்தை நமது கரிசல் கிராமங்களிலும் பழைய தலைமுறையினர் கதை கதையாகச் சொல்லி வைத்திருந்தார்கள். வேலூரில் பசியால் வாடிய குழந்தைகளுக்கு ரொட்டித் துண்டுகளை ஊட்டும் வேலை இந்தச் சிறுமிக்குக் கிடைத்தது. சாலையோரம் கிடந்த பிணங்களையும் பார்த்தார். பிறகு குடும்பத்தோடு அமெரிக்கா போனவர், இந்தியாவை நினைத்தாலே மனம் கசந்தார் என்று எழுதியிருக்கிறார்கள். பசி, புழுதி, நோய் என்பதைத் தவிர அந்த நாட்டைப் பற்றி அவர் மனதில் வேறு நினைவில்லை. மாசசூசெட்ஸில் நார்த்ஃபீல்டு பள்ளியில் படித்தபோது தோழிகள் அவரும் குடும்பத் தொழிலுக்குத்தான் போவார் என்று கிண்டல் செய்ய, அது நடக்காது என்று உறுதியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நல்ல இடத்தில் திருமணம், வசதியான வாழ்க்கை என்பதே அவரது விருப்பமாக இருந்தது. அதில் தப்பு ஏதும் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

1890 வாக்கில் தாய் நோயுற்ற செய்தி வந்தது. உதவிக்காகத் திண்டிவனத்துக்கு வந்தார். கொஞ்ச நாள் இருந்துவிட்டுத் திரும்பிப் போவதுதான் திட்டம்.

அந்த இரவு அங்கேதான் நடந்தது. ஐடா தம் அறையில் விளக்கு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது ஒரு பிராமண இளைஞர் வாசலுக்கு வந்தார். சிறுவயது மனைவி பிரசவத்தில் உயிருக்குப் போராடுகிறாள். ஐடா வந்து பார்க்க வேண்டும் என்று கெஞ்சினார். தமக்கு வைத்தியம் தெரியாது, தந்தைதான் மருத்துவர், அவரை அழைத்து வருகிறேன் என்றார் ஐடா. வேற்று ஆண் தம் வீட்டுப் பெண்ணைப் பார்க்க முடியாது, அதைவிட அவள் இறப்பதே மேல் என்று அந்த இளைஞர் திரும்பிவிட்டார். சற்று நேரத்தில் இன்னொருவர் வந்தார். அவர் முஸ்லிம். அவரது மனைவிக்கும் அதே நிலை. ஐடாவின் தந்தை வாசலுக்கே வந்து பேசினார். ஐடாவும் உடன் வந்து நிற்பதாகச் சொல்லிப் பார்த்தார். குடும்பத்து ஆண்களைத் தவிர வேறு எந்த ஆணும் தம் மனைவியின் முகத்தைக் கண்டதில்லை என்று சொல்லிவிட்டு அவரும் போய்விட்டார். மூன்றாவதாக வந்தவர் இன்னொரு உயர்சாதி இந்து. அவரும் அதே வேண்டுகோளோடு வந்து, அதே பதிலோடு போனார்.

காலையில் சாவு மேளம் கேட்டது. விசாரித்துவர ஆளனுப்பினார் ஐடா. மூன்று பெண்களுமே இறந்திருந்தார்கள்.

இந்தச் சம்பவத்தை எடுத்துச் சொல்லும்போது அந்த முஸ்லிம் கணவரை ஈவிரக்கமற்றவராகக் காட்டுவது சிலருக்கு வழக்கம். நாம் அப்படிப் பார்க்கவில்லை. இரவில், அறிமுகமில்லாத வெள்ளைக்காரர் வீட்டுக் கதவைத் தட்டிக் கெஞ்சியவர் அவர். மனைவி பிழைக்க வேண்டும் என்பதற்காகத்தான் வந்தார். அதே நேரம், உயிர் போகும் நிர்ப்பந்தத்தில், பெண் மருத்துவர் கிடைக்காத நிலையில், ஆண் மருத்துவர் சிகிச்சையளிக்க மார்க்கத்தில் அனுமதி உண்டு என்பதே மார்க்க அறிஞர்களின் விளக்கம். அன்றைய ஊர் வழக்கம் அந்தச் சலுகையை அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. பிராமண வீட்டிலும் அதே கதவுதான் மூடியிருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். மதீனாவில் காயம்பட்டவர்களுக்குக் கூடாரம் அமைத்துச் சிகிச்சை செய்த ருஃபைதா (ரலி) அவர்களின் பெயரைப் படித்த சமுதாயத்தில், ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் கழித்து ஒரு பிரசவத்துக்குப் பெண் வைத்தியர் இல்லாமல் போனது யாருடைய குறை என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

தமிழகத்தில் பெண் மருத்துவரே அப்போது இல்லையா என்று கேட்கலாம். சென்னை மருத்துவக் கல்லூரி 1875-லேயே மேரி ஷார்லீப் உள்ளிட்ட நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. திரைமறைவில் வாழ்ந்த பெண்களுக்காக மேரி ஷார்லீப் 1885-ல் தொடங்கியதுதான், திருவல்லிக்கேணியில் இன்றும் கோஷா ஆஸ்பத்திரி என்று நம்மவர்கள் அழைக்கும் மருத்துவமனை. ஆனால் சென்னையில் இருந்த வசதி திண்டிவனத்தில் இல்லை. கோவில்பட்டிப் பக்கத்துக்கு எப்போது வந்தது என்று கேட்டால் நமது பாட்டிமார்களே பதில் சொல்வார்கள்.

ஐடா அமெரிக்கா திரும்பினார், ஆனால் பழைய திட்டத்தோடு அல்ல. 1895-ல் பிலடெல்ஃபியாவில் பெண்களுக்கான மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1898-ல் நியூயார்க்கின் கார்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியதும், படிப்பின் கடைசிக் கட்டத்தில் அங்கே மாறினார். பாதியில் கல்லூரி மாறுவது எவ்வளவு தொல்லை என்பது படித்தவர்களுக்குத் தெரியும். பயிற்சி கூடுதலாகக் கிடைக்கும் என்ற ஒரே காரணத்துக்காக அந்தத் தொல்லையை ஏற்றார். 1899-ல் பட்டம் பெற்றார்.

புறப்படுவதற்கு முன் வேலூரில் பெண்களுக்கென ஒரு மருத்துவமனை கட்ட நிதி திரட்டும் பொறுப்பு அவரிடம் தரப்பட்டது. ஒரு வீட்டில் அவர் உதவி கேட்டுப் பேசிக்கொண்டிருந்ததைப் பக்கத்து அறையிலிருந்து கேட்ட ஷெல் என்ற வங்கியாளர், மறுநாள் அழைத்து 10,000 டாலர் கொடுத்தார். காலமான தம் மனைவி மேரி டேபர் ஷெல்லின் பெயர் மருத்துவமனைக்கு இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

1900-ன் தொடக்கத்தில் வேலூர் வந்து சேர்ந்தார். தந்தையிடம் சில ஆண்டுகள் தொழில் பழகலாம் என்பது எண்ணம். ஐந்தே மாதத்தில், அந்த மே மாதம், தந்தை காலமானார். வழிகாட்ட யாரும் இல்லை. அதைவிடக் கொடுமை, நோயாளிகளும் இல்லை. தந்தையைத் தேடி வந்த மக்கள் மகளை நம்பவில்லை. எந்தக் காரணத்துக்காகப் படித்தாரோ அந்தப் பெண்களே தயங்கினார்கள். வீட்டின் ஒரு சிறு அறையில் ஒரு கட்டிலோடு தொடங்கினார். சமையல்காரரின் மனைவி சலோமிதான் உதவியாளர். மெல்ல மெல்ல ஆட்கள் வந்தார்கள். இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 5,000 பேரைப் பார்த்துவிட்டார். 1902-ல் 40 படுக்கைகளோடு ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது.

பட்டம் இருந்தால் மட்டும் ஜனங்கள் வந்துவிட மாட்டார்கள் என்ற பாடம் அவருக்கு அப்போது கிடைத்தது. குடியாத்தம் போகும் சாலையில் வாரந்தோறும் வண்டியில் போய், மரத்தடிகளில் நின்று மருந்து கொடுத்தார். 1909-ல் ஒரு பியூஜோ கார் வந்தது. அந்த வண்டியைக் கண்டு பேய் வருகிறது என்று மக்கள் வயலுக்குள் ஓடினார்களாம். பிறகு அதே மக்கள் அது வரும் கிழமையைக் கணக்குப் பார்த்துச் சாலையோரம் காத்திருந்தார்கள். அதே 1909-ல் செவிலியர் பள்ளி ஒன்றையும் தொடங்கினார்.

எவ்வளவு ஓடினாலும் ஓர் ஐடா, ஓர் உடம்பு. ஒரு மாவட்டத்துக்கே அவரால் ஈடுகொடுக்க முடியாதபோது மாகாணம் முழுவதற்கும் எப்படி முடியும்? இந்த ஊர்ப் பெண்களே மருத்துவர்களாக வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். அன்று மருத்துவருக்கு இரண்டு படிகள் இருந்தன. மேலே பல்கலைக்கழகப் பட்டம். அதற்குக் கீழே மருத்துவப் பள்ளியில் படித்து, அரசுத் தேர்வு எழுதிப் பெறும் எல்.எம்.பி. என்ற உரிமம். கோவில்பட்டிப் பகுதிப் பெரியவர்கள் எல்.எம்.பி. டாக்டர் என்று இன்றும் நினைவுகூர்வது இவர்களைத்தான். 1914-ல் சென்னை மாகாண மருத்துவப் பதிவுச் சட்டம் வந்தபிறகு, பதிவேட்டில் பெயர் ஏறுவதுதான் அங்கீகாரம் என்றாகிவிட்டது. அந்த உரிமத் தேர்வுக்குப் பெண்களைத் தயார் செய்யும் பள்ளி ஒன்றை வேலூரில் நடத்த ஐடா அனுமதி கேட்டார்.

மாகாண மருத்துவத் துறைத் தலைவராக இருந்த கர்னல் பிரைசனுக்கு நம்பிக்கை இல்லை. ஆறு பெண்கள் சேர்ந்தால் தொடங்கிக்கொள்ளலாம் என்றார். மூன்று பேராவது விண்ணப்பிப்பார்களா என்பதே அவரது சந்தேகம். வந்த விண்ணப்பங்கள் 151. 1918 ஆகஸ்ட் 12 அன்று ஆளுநர் பென்ட்லண்ட் பிரபு பள்ளியைத் திறந்து வைத்தார்.

பள்ளி என்றால் இன்று நம் கண்முன் வருவது போன்ற கட்டடம் இல்லை. வாடகை வீடுகள், ஓர் எலும்புக்கூடு, ஒரு மைக்ராஸ்கோப், கொஞ்சம் புத்தகங்கள். உடற்கூறு பாடத்தை ஐடாவே நடத்தினார். மருத்துவமனையை நடத்தி, அறுவை சிகிச்சை செய்து, சாலையோர மருந்தகங்களுக்குப் போய், அதோடு வகுப்பும் எடுத்தார். பாடமாகப் படித்ததைப் பிறகு ஷெல் மருத்துவமனைப் படுக்கையில் நேரில் பார்க்க முடிந்தது. சாலையோர மருந்தகங்களுக்கும் மாணவிகள் கூடச் சென்றார்கள். புண்ணைக் கட்டவும் சீழை எடுக்கவும் காய்ச்சலைத் தொட்டுப் பார்த்து எடைபோடவும் அங்கே கற்றுக்கொண்டார்கள்.

முதலாண்டுத் தேர்வு வந்தது. பெண்கள் பள்ளிக்கெனத் தனிக் கேள்வித்தாள் கிடையாது; ஆண்கள் படித்த மருத்துவப் பள்ளிகளுக்கும் இவர்களுக்கும் ஒரே மாகாணத் தேர்வு. எவரும் தேறாவிட்டால் மனம் உடைந்துவிட வேண்டாம், முதல் முறை அப்படித்தான் இருக்கும் என்று கர்னல் முன்கூட்டியே ஐடாவுக்கு ஆறுதல் சொல்லி வைத்திருந்தார். முடிவுகள் வந்தன. ஆண்கள் பள்ளிகளில் ஐந்தில் ஒருவர்தாம் தேறியிருந்தார். வேலூரிலிருந்து எழுதிய பெண்கள் பதினான்கு பேர். பதினான்கு பேரும் தேறிவிட்டார்கள். அவர்களில் நால்வர் முதல் வகுப்பு.

இந்த இடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். ஐந்தில் ஒருவர் என்ற அன்றைய கணக்கும், எஃப்.எம்.ஜி.இ. தேர்வின் இன்றைய கணக்கும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதைப் பார்க்கிறோம். தோற்ற ஆண்களெல்லாம் அறிவில்லாதவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. அவர்களது பள்ளிகள் வேலூரைவிட வசதியானவை. பதினான்கு பெண்களுக்கு வாய்த்தது வேறு. ஒவ்வொருவரின் பெயரும், எந்தப் பாடத்தில் எவர் தடுமாறுகிறார் என்பதும் தெரிந்த ஓர் ஆசிரியை. காலையில் புத்தகத்தில் பார்த்ததை மாலையில் கையால் தொட்டுப் பார்க்க ஒரு வார்டு. அந்த வார்டில் படுத்திருந்தவர்கள் தமிழ் பேசும் நோயாளிகள். வெளிநாட்டில் படித்துவரும் நமது பிள்ளைகளில் பலருக்கு வாய்க்காமல் போவது இதுதான். அந்த நாட்டு மொழி சரியாகப் பிடிபடாததால் நோயாளியின் பக்கத்தில் போய் நின்று பேச முடிவதில்லை. ஆறாண்டுகள் குறிப்புகளிலேயே கழிந்துவிடுகிறது. பிறகு இங்கே வந்து, பதில் தெரிந்த கேள்விகளின் தொகுப்பை மட்டும் மனப்பாடம் செய்து 150-ஐத் தொட்டுவிட முயல்கிறார்கள். படிக்கப் போகும் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் நாளில் நமது பெற்றோர் ஏஜெண்டிடம் கட்டணத்தையும் விடுதியையும் ஹலால் உணவையும் பற்றிக் கேட்கிறார்கள். அவை தேவையான கேள்விகள்தாம். கல்லூரி மருத்துவமனையில் எத்தனை படுக்கை, மாணவர் நோயாளியிடம் எந்த மொழியில் பேசுவார், அங்கே படித்தவர்களில் எத்தனை பேர் இங்கே தேறினார்கள் என்பவற்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

அந்த முதல் அணிப் பெண்கள் பதினான்கு பேரும் 1922-ல் படிப்பை முடித்து உரிமத்தோடு வெளியே வந்தார்கள். பள்ளி வளர்ந்தது, ஊருக்குள் பெரிய மருத்துவமனை எழுந்தது, பின்னர் பாகாயத்தில் கல்லூரி வளாகம் உருவானது. இதை இங்கே விரிக்கத் தேவையில்லை. வேலூருக்குச் சிகிச்சைக்குப் போய்வந்த எல்லோரும் கண்டிருப்பதுதான்.

ஐடாவின் வாழ்க்கையில் நமக்கு மிகவும் பயன்படும் பகுதி அதன்பிறகு வருகிறது. 1937-ல் சென்னை மாகாணத்தில் புதிய அமைச்சரவை பொறுப்பேற்றது. மருத்துவத்தில் இரண்டு தரம் கூடாது, இனி எல்லோரும் பல்கலைக்கழகப் பட்டமே பெற வேண்டும், எல்.எம்.பி. படிப்புக்கு இனிச் சேர்க்கை இல்லை என்ற முடிவு வந்தது. இருபதாண்டுகளாகப் பாடுபட்டு எழுப்பிய பள்ளியின் அஸ்திவாரமே அந்த உரிமம்தான். அது ஒரே உத்தரவில் போயிற்று. ஐடாவுக்கு அப்போது அறுபத்தேழு வயது.

விதி பாதியில் மாறுவது நமது பிள்ளைகளுக்கும் புதிதல்ல. 2021 நவம்பரில் வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளுக்கான புதிய விதிகள் வந்தன. 54 மாதப் படிப்பு, அந்த நாட்டில் 12 மாதப் பயிற்சி, இங்கே வந்து மேலும் 12 மாதப் பயிற்சி என்று கணக்கு மாறியது. இடையில் 2022-ல் உக்ரைன் போர் வந்து, படித்துக்கொண்டிருந்தவர்கள் உயிர் தப்பினால் போதுமென்று ஊர் வந்து சேர்ந்தார்கள். நெக்ஸ்ட் என்ற பொதுத் தேர்வு வரும் என்று 2019-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லியிருக்கிறது. அது எந்த ஆண்டு வருமோ என்ற பதற்றம் தனி. இந்த நிலையில் கோபம் வருவது நியாயம். ஆண்டுகளையும் பணத்தையும் விலையாகக் கொடுத்தவர்கள், விதியை மாற்றுவோர் முன்னறிவிப்பும் அவகாசமும் தர வேண்டும் என்று கேட்பது உரிமை.

ஐடாவும் அவருடன் இருந்தவர்களும் அரசிடம் அவகாசம் கேட்டார்கள். ஆனால் எங்கள் பெண்களுக்கு மட்டும் பழைய உரிமமே போதும் என்று வாதாடி நிற்கவில்லை. வேலூரில் தரும் படிப்பு குறைந்த தரத்தது என்ற பெயர் வந்துவிட்டால், அந்தப் பெண்களிடம் யார் தங்கள் வீட்டுப் பெண்களை அனுப்புவார்கள்? பல்கலைக்கழகப் பட்டம் தருவதென்றால் மேற்பட்டம் பெற்ற பேராசிரியர்கள் பலர் வேண்டும், ஆய்வகங்கள் வேண்டும், கூடுதல் படுக்கைகள் வேண்டும். எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். உலகப்போர் மூண்டிருந்த வேளை அது. எழுபது வயதைக் கடந்த அந்த அம்மையார் 1941-ல் அமெரிக்காவுக்குப் போய், ஊர் ஊராகச் சுற்றி, மேடைமேடையாகப் பேசி, சிறுகச் சிறுக நிதி சேர்த்தார். நாலாண்டுகள் அங்கேயே அலைந்தார்.

இதில் இன்னொரு சிக்கலும் எழுந்தது. பெண்களுக்காக மட்டும் இருந்த நிறுவனத்தில் ஆண்களையும் சேர்த்தால்தான் மற்ற மிஷன்களின் ஆதரவும் ஆசிரியர்களும் கிடைக்கும் என்ற நிலை. அவருக்கு ஆண்டுக்கணக்கில் துணை நின்று நிதி திரட்டித் தந்த அமெரிக்கப் பெண்மணிகளில் சிலர் இதைத் துரோகமாகவே பார்த்தார்கள். நீண்டகால நட்பு முறிந்தது. ஐடாவும் லேசில் ஒப்பவில்லை. பெண் மருத்துவர் வேண்டும் என்ற ஒரே எண்ணத்தில் பிறந்த நிறுவனம் அல்லவா? ஆனாலும் கதவை மூடுவதா, ஆண்களோடு சேர்த்துத் திறந்து வைப்பதா என்று வந்தபோது திறந்து வைப்பதையே தேர்ந்தெடுத்தார். பெண்களுக்கெனத் தனிக் கல்லூரிகள் இருக்க வேண்டும் என்று வலியுறுத்தும் நமக்கு இந்த முடிவு அவ்வளவு எளிதில் மனதுக்கு இசையாது. அவர் நின்ற இடத்தில் வேறு வழி இருந்ததாகவும் நமக்குத் தெரியவில்லை.

1942-ல் வேலூரில் எம்.பி.பி.எஸ். முதலாண்டு தொடங்கியது. அதே பத்தாண்டுக்குள் ஆண்களும் சேர்ந்தார்கள். 1946-ல் ஐடா பொறுப்புகளிலிருந்து விலகினார். நிறுவனத்தின் தலைமைக்கு இந்தியப் பெண் மருத்துவர் ஹில்டா லாசரஸ் வந்தார். அதே 1946-ல் போர் குழு அறிக்கை, நாடு முழுமைக்கும் ஒரே அடிப்படை மருத்துவப் பட்டம் போதும் என்று பரிந்துரைத்தது, எல்.எம்.பி. என்ற படி நாடெங்கும் மறைந்தது. ஏற்கனவே எல்.எம்.பி. முடித்தவர்கள் எம்.பி.பி.எஸ். பெறுவதற்குச் சுருக்கமான படிப்பும் பின்னர் ஏற்பாடு செய்யப்பட்டது. தலைநரைத்தவர்கள் இளைஞர்களோடு உட்கார்ந்து மறுபடியும் தேர்வெழுதினார்கள்.

கரிசல் பகுதியிலிருந்து வேலூர் தூரம்தான். இருந்தும் இதய நோய், சிறுநீரகம், புற்று என்று பெரிய சீக்கு வந்தால், காட்பாடியில் ரயில் இறங்கி அந்த மருத்துவமனையைத் தேடிப் போகும் குடும்பங்கள் நம் பக்கம் உண்டு. புர்கா அணிந்த பெண்கள் வரிசையில் நிற்பதும், பெண் மருத்துவரிடம் தங்கள் நோயைத் தமிழில் சொல்வதும் அங்கே சாதாரணக் காட்சி. திண்டிவனத்தில் அன்று கதவைத் தட்டிய கணவர் தேடியது இதைத்தான். அவரது பெயரையோ, அந்தப் பெண்ணின் பெயரையோ யாரும் எழுதி வைக்கவில்லை.

பொறுப்பிலிருந்து விலகிய பின் ஐடா கொடைக்கானலில் வாழ்ந்தார். முதுமையிலும் டென்னிஸ் மட்டையை விடாதவர் என்பார்கள். 1960 மே மாதம், தமது 89-ஆம் வயதில் அங்கேயே காலமானார். 2000-ல் இந்திய அஞ்சல் துறை அவரை நினைவுகூர்ந்து தபால் தலை வெளியிட்டது. தேதி, பள்ளி திறக்கப்பட்ட அதே ஆகஸ்ட் 12. அவர் 1902-ல் திறந்த ஷெல் மருத்துவமனை இப்போது வேலூர் ஆரணி சாலையில் கண் மருத்துவமனையாக இயங்கிக்கொண்டிருக்கிறது.